சிங்கப்பூர் உணவங்காடியில் சாப்பிடுவது எப்படி: மேசை பிடிப்பதிலிருந்து தட்டைத் திருப்பி வைப்பது வரை

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் உறவினர்கள் நான்கு நாள் தங்கினால் பன்னிரண்டு வேளை சாப்பிட வேண்டும். அதில் பத்து வேளையை லிட்டில் இந்தியாவில் குளிர்சாதன வசதியுள்ள ஏதோ ஓர் உணவகத்தில் தோசையும் சாப்பாடுமாக முடித்துவிட்டு, "சிங்கப்பூரில் சாப்பாடு யானை விலை" என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. இந்த ஊரின் சமையல் முழுவதும் ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலருக்கு, உணவங்காடி நிலையங்களில் கிடைக்கிறது. அங்கே எப்படி நுழைவது, எதைக் கேட்பது, எங்கே உட்காருவது என்று தெரியாததால்தான் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களையும், ஹலால் பார்ப்பவர்களையும், மாட்டிறைச்சி தொடாதவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இந்த நிலையங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இங்கே சாப்பாடு தெருவோரத்தில்தான் விற்றது. தள்ளுவண்டி, தோளில் காவடிபோல் தூக்கிவரும் கூடை, சாக்கடை ஓரத்தில் அடுப்பு. 1968, 1969 ஆண்டுகளில் அரசு தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் கொண்ட கூரைகளின் கீழ் அவர்களைக் குடியமர்த்தியது. அப்படித்தான் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் அடுப்பு மூட்டத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று தீவு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன.

முதல் வேலை: எந்த இடம், எந்த நேரம்

வெளியே சாப்பிட மூன்று வகை இடங்கள் உண்டு. உணவங்காடி நிலையம் என்பது மின்விசிறி மட்டும் சுழலும் திறந்த கட்டடம். விலை குறைவு, கைப்பக்குவம் அதிகம். காப்பிக்கடை என்பது குடியிருப்புப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஏழெட்டுக் கடைகளோடு இருப்பது. கடைத்தொகுதிக்குள் குளிர்சாதன வசதியோடு இருப்பது ஃபூட் கோர்ட். அங்கே ஒரு தட்டுக்கு ஒன்றிரண்டு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் குளிர்காற்றுக்குத்தான். வயதானவர்களும் கைக்குழந்தையும் உடன் இருந்தால் அதில் தவறில்லை. மற்றவர்கள் உணவங்காடிக்கே போங்கள்.

முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்லும் இடம் தேக்கா. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பஃபலோ ரோட்டை ஒட்டி நிற்கும் கட்டடம். மூங்கில் அடிவாரம் என்று பொருள்படும், ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பகுதிக்குக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று ஒரு மலாய்ப் பெயரும் உண்டு. பஃபலோ ரோடு என்ற பெயரிலும் அந்த எருமைகள்தான் இருக்கின்றன. கீழ்த்தளத்தில் ஒருபுறம் மீனும் காய்கறியும் விற்கும் சந்தை, மறுபுறம் சாப்பாட்டுக் கடைகள். தமிழில் பேசி வாங்கலாம் என்பதால் பழகிக்கொள்ள ஏற்ற இடம். அங்கே கை பழகியதும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸுக்குப் போங்கள். இரண்டாம் தளத்தில் இருநூறுக்கும் அதிகமான கடைகள். நாட்டிலேயே பெரியது அதுதான். மேக்ஸ்வெல், அமோய் ஸ்திரீட், ஓல்ட் ஏர்போர்ட் ரோடு ஆகியவையும் பெயர் பெற்றவை. மலாய்ச் சமையலுக்கு கேலாங் சிராய். மாலையில் சாத்தே சாப்பிட வேண்டுமானால் லாவ் பா சாட். எண்கோண வடிவிலான பழைய இரும்புக் கட்டடம் அது. அந்தி சாய்ந்ததும் பக்கத்துச் சாலையை மூடி, நடுத்தெருவிலேயே கரி அடுப்புகளை வைத்து இறைச்சிக் குச்சிகளை வாட்டுகிறார்கள்.

நேரம் மிக முக்கியம். பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம் மொத்தமும் இறங்கும். பதினொரு மணிக்குப் போங்கள், இல்லையென்றால் இரண்டு மணிக்குப் போங்கள். ஆனால் நல்ல கடைகள் பலவற்றில் இரண்டு மணிக்குள் சட்டி காலியாகிவிடும் என்பதால் பதினொன்றே மேல். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகள் நிறைய உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை நிலையம் முழுவதையும் கழுவிச் சுத்தம் செய்ய மூடுவார்கள். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் இணையத்தில் வெளியிடுகிறது. சீனப் புத்தாண்டு நாட்களில் சீனக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும்.

கையில் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டுவதைப் பார்த்து நீங்களும் கடன் அட்டையை நீட்டினால், வாங்காத கடைகளே அதிகம். இரண்டு, ஐந்து, பத்து வெள்ளித் தாள்கள் போதும். நான்கு வெள்ளிச் சாப்பாட்டுக்கு நூறு வெள்ளித் தாளை நீட்டி, வரிசையில் நிற்பவர்களையும் கடைக்காரரையும் தவிக்கவிடாதீர்கள்.

மேசை

சாப்பாடு வாங்கும் முன் மேசையைப் பிடிக்க வேண்டும். ஒரு மேசையின் மீது ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ மட்டும் தனியாகக் கிடந்தால், அந்த மேசைக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். இதற்குப் பெயர் 'சோப்' (chope). சட்டத்தில் இல்லாத வழக்கம், ஆனால் ஊரே மதிக்கிறது. நீங்களும் அப்படியே செய்யலாம். கைப்பேசியையும் பணப்பையையும் வைத்து இடம் பிடிக்காதீர்கள். ஒரு டிஷ்யூ பொட்டலம் போதும். நான்கைந்து பேராகப் போனால் ஒருவரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் கடைகளுக்குப் போவது இன்னும் நல்லது.

கூட்ட நேரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மேசையில் சேர்ந்து உட்காரலாம். "யாராவது வருகிறார்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். மேசையில் எண் எழுதியிருந்தால் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் எண்ணைச் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள். 'செல்ஃப் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் நாமே நின்று வாங்கி வர வேண்டும்.

வரிசையில் நிற்கும் முன் ஒரு சுற்று

இடம் பிடித்ததும் ஓடிப்போய் நீளமான வரிசையில் நிற்காதீர்கள். முதலில் ஒருமுறை நிலையத்தைச் சுற்றி வாருங்கள். 2016-ல் சிங்கப்பூரின் இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு மிஷலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்தது. அதிலிருந்து பெயரைப் பார்த்து வரிசை கட்டுவது கூடிவிட்டது. பெயர் பெற்ற கடை நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் வெயிலில் நின்று வாங்கும் கோழிச்சோற்றுக்கும், நான்கு கடை தள்ளிப் பத்து நிமிடத்தில் கிடைக்கும் கோழிச்சோற்றுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகாது என்பது என் அனுபவம்.

நான் பார்ப்பது வேறு. கடையின் பெயர்ப்பலகையில் எத்தனை பதார்த்தங்கள் இருக்கின்றன? இரண்டோ மூன்றோ மட்டும் விற்கும் கடையை நம்பி நிற்பேன். நாற்பது பதார்த்தங்களைப் படத்தோடு அடுக்கியிருக்கும் கடையைத் தாண்டிப் போய்விடுவேன். வரிசையில் நிற்பவர்கள் யார் என்றும் பார்ப்பேன். வீட்டுச் செருப்போடும் கையில் சந்தைப் பையோடும் நிற்கும் அக்கம்பக்கத்து முதியவர்கள் இருந்தால் அந்தக் கடை தப்பாது.

சார் குவே தியாவ் வறுக்கும் ஒருவரை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். வயது எழுபதை நெருங்கும். வாணலியின் கீழ் அடுப்பு இரைகிறது. தட்டையான அரிசி நூடுல்ஸ் ஒரு கைப்பிடி விழுகிறது, கரண்டி இரண்டு தட்டு தட்டுகிறது, அதை ஓரமாக ஒதுக்கி நடுவில் முட்டையை உடைக்கிறார். முட்டை இறுகுவதற்குள் நூடுல்ஸை அதன்மேல் புரட்டுகிறார். கறுப்பு இனிப்பு சோயா சாறு ஒரு சுழற்று. கடைசியாகச் சிப்பி, அது வெந்துவிடக்கூடாது, சூடேற மட்டும் வேண்டும். வெளியே இருபது பேர் நின்றாலும் அவர் ஒரு வாணலியில் ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் போடுவதில்லை. மொத்தமாகப் போட்டால் நூடுல்ஸ் வறுபடாமல் வெந்து குழைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தட்டில் விழுந்த அந்த நிமிடமே அதைச் சாப்பிட வேண்டும். படம் எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் அவர் செய்த வேலை வீணாகிவிடும்.

பேசும் முறை

கடைக்காரரை 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அழைப்பதுதான் இங்கே மரியாதை. தமிழ்க் கடைகளில் 'அண்ணே', 'அக்கா'. நம் முறை வரும்போது என்ன வேண்டும் என்று தயாராக இருக்க வேண்டும். "இங்கேயா, கட்டிக்கொண்டு போகவா?" என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. கட்டிக்கொண்டு போவதைச் சீனக் கடைகளில் 'தாபாவ்' என்பார்கள், மலாய்க் கடைகளில் 'புங்குஸ்'. டப்பாவுக்கு இருபது முப்பது காசு கூடுதலாகக் கேட்பது வழக்கம். அடுத்த கேள்வி, மிளகாய் வேண்டுமா என்பது. 'வேண்டும்' என்றே சொல்லுங்கள். கோழிச்சோற்றோடு வரும் இஞ்சி மணக்கும் மிளகாய்ச் சாந்து இல்லாமல் அந்தச் சோறு முழுமையடையாது.

எல்லா வகைக் கறிகளும் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் சோற்றுக் கடைகளில் பேச்சே தேவையில்லை, விரலால் காட்டினால் போதும். இரண்டு காய், ஒரு கோழி என்றால் நான்கைந்து வெள்ளிக்குள் முடியும். மீனும் இறாலும் கையில் விழுந்தால் தொகை சட்டென்று ஏறும். அவற்றைக் காட்டும் முன் விலை கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

சில மலாய்ச் சொற்களைத் தெரிந்து வைத்தால் பெரிய உதவி. 'ஆயாம்' கோழி, 'காம்பிங்' ஆடு, 'ஈக்கான்' மீன், 'ஊடாங்' இறால், 'சாயூர்' காய்கறி, 'பாபி' பன்றி. 'டாகிங்' என்றால் இறைச்சி. கடைகளில் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ரெண்டாங், சாத்தே, முர்தபா மூன்றிலும் எந்த இறைச்சி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 'கெடாய்' என்றால் கடை. நம் 'கடை'தான் மலாய்க்குப் போய்க் 'கெடாய்' ஆயிற்று.

சைவமும் ஹலாலும்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். காய்கறியாகத் தெரிவதெல்லாம் சைவம் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

காங்கோங் கீரை வறுவல் என்று வாங்குவீர்கள்; அதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். லக்சா என்னும் நூடுல்ஸின் தேங்காய்ப்பால் குழம்பில் உலர்ந்த இறால் அரைத்திருக்கும். கோழிச்சோற்றில் கோழியை எடுத்துவிட்டு வெறும் சோறு கேட்டாலும் பயனில்லை. அந்தச் சோறே கோழிக் கொழுப்பிலும் சாற்றிலும் வெந்தது. கேரட் கேக் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்றும் சைவம் என்றும் நினைப்பவர்கள் உண்டு. அதில் கேரட் இல்லை, அது கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்த கட்டியை முட்டையோடு வறுத்தது. வெள்ளை, கறுப்பு என இரண்டு வகை உண்டு. கறுப்பில் இனிப்பு சோயா சாறு சேரும். பன்றிக் கொழுப்பில் வறுக்கும் கடைகளும் இருக்கின்றன. ரொட்டி பிராட்டாவுக்குக் கேட்காமலே ஊற்றும் குழம்பு மீன் குழம்பாகவோ ஆட்டுக் குழம்பாகவோ இருக்கும். பருப்பு என்று தனியாகக் கேளுங்கள். 'டால்ச்சா' என்றால் அதிலும் ஆட்டெலும்பு வெந்திருக்கலாம்.

அப்படியானால் சைவர்களுக்கு வழி? நன்றாகவே உண்டு. பெரும்பாலான நிலையங்களில் ஒரு சீனச் சைவக் கடையாவது இருக்கும். பௌத்த முறைச் சைவம் என்பதால் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத கடைகள் பல. அங்கே தட்டில் கோழித்துண்டு போலவும் மீன் போலவும் கிடப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, சீனர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று இந்தக் கடைகளில் வரிசை நீளும். ஒரே கட்டடத்தில் நிறையச் சைவ உணவகங்கள் வேண்டுமானால் மிடில் ரோட்டில் உள்ள ஃபார்ச்சூன் சென்டருக்குப் போங்கள். பக்கத்து வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. சீன பக்தர்கள் இரண்டு கோயில்களிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

ஹலால் பார்ப்பவர்கள், சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றமான முயிஸ் அமைப்பின் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற பலகை மட்டும் இருந்தால் அது ஹலால் சான்று ஆகாது. முஸ்லிம் குடும்பங்கள் நடத்தும் சில கடைகளில் சான்றிதழ் இல்லாமலும் இருக்கலாம். நேரில் கேட்டால் விளக்கிச் சொல்வார்கள்.

தமிழ் முஸ்லிம் கடைகளை எக்காரணத்தாலும் விட்டுவிடாதீர்கள். இங்கே 'இந்திய மீ கோரேங்' என்று விற்பது இந்தியாவில் எங்கும் இல்லாதது. சீனரின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாயும் தக்காளிச் சாறும் உருளைக்கிழங்கும் சேர்த்து நம்மவர்கள் இந்த மண்ணில் உருவாக்கிய பதார்த்தம் அது. இந்திய ரோஜாக்கும் அப்படித்தான். மாவில் தோய்த்துப் பொரித்த வடை, உருளைக்கிழங்கு, தவ்வு என்னும் சோயாக் கட்டி எல்லாவற்றையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் மீண்டும் சூடாக்கி வெட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த இனிப்புக் காரச் சாந்தோடு தருவார்கள். நம் ஊர்ச் சாயல் தெரியும், நம் ஊரில் கிடைக்காது.

காப்பி கேட்கும் இலக்கணம்

குடிப்பதற்கு என்று தனிக்கடை இருக்கும். அங்கே வெறுமனே 'காப்பி' என்றால் இனிப்பூட்டிய டின் பால் கெட்டியாக ஊற்றிய ஒன்று வரும். நம் டிகாக்ஷன் காப்பியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கொட்டையை வறுக்கும்போதே சர்க்கரையும் வெண்ணெய் வகையும் சேர்த்து, நீண்ட துணிப்பையில் வடிக்கும் வேறு மரபு இது. அதன் கருகல் மணம் பழகிவிட்டால் விடாது.

சொற்கள் இவை. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல் சர்க்கரையோடு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். 'கோசோங்' என்ற மலாய்ச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள். அதைச் சேர்த்தால் சர்க்கரை இருக்காது. 'சியூ டாய்' இனிப்புக் குறைவு. 'காவ்' கெட்டியாக. 'போ' நீர்க்க. 'பெங்' ஐஸ் போட்டு. தேநீர் வேண்டுமானால் 'கோப்பி' வரும் இடத்தில் 'தே' என்று மாற்றிக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தொடர் 'தே சி கோசோங்': பால் உண்டு, சர்க்கரை இல்லை. அப்பாவுக்கு இதை ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவரே சீட்டைப் பார்க்காமல் சொல்லி வாங்கி வந்தார்.

நம் வகையில் 'தே தாரே' இருக்கிறது. 'தாரே' என்றால் இழுப்பது. தமிழ் முஸ்லிம் கடைகளில் இரு குவளைகளுக்கு இடையே ஒரு கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுவார்கள். இஞ்சி சேர்த்தது 'தே ஹாலியா'. விலை ஒன்றரை வெள்ளியை ஒட்டி இருக்கும். தண்ணீர் இலவசமாக வைக்கும் வழக்கம் இங்கே இல்லை, பாட்டில் கொண்டுபோங்கள்.

இனிப்புக்கு வயிற்றில் இடம் வையுங்கள்

சிங்கப்பூரில் எனக்கு மிகவும் பிடித்தது இனிப்புக் கடைதான். தமிழ் நாக்குக்குச் சீன, மலாய் இனிப்புகள் அந்நியமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை பெயர்ப்பலகையைப் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். பயறு, தேங்காய்ப்பால், வெல்லம், அரிசி, கிழங்கு: நம் வீட்டுச் சாமான்களே அங்கும் இருக்கின்றன.

'புலுட் ஹித்தாம்' என்பது கறுப்புப் பசையரிசியைக் குழைய வேகவைத்து, இனிப்புச் சேர்த்து, மேலே உப்புப் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றித் தருவது. காரைக்குடியிலிருந்து வந்த என் பெரியம்மாவுக்கு கேலாங் சிராயில் அதை வாங்கிக் கொடுத்தேன். ஊதா நிறக் கஞ்சியின் நடுவில் வெள்ளைப் பால் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "கவுனி அரிசியடா இது" என்றார். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் தன் மாமியார் கிண்டிய கவுனியரிசியைப் பற்றி அந்த மேசையில் அரை மணி நேரம் பேசினார். அதுவரை அவர் அந்த ஊரை வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கடையிலும் அவரே எட்டிப் பார்த்து என்ன என்று கேட்கத் தொடங்கினார்.

'தாவ் சுவான்' என்பது தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்துப் பாகில் போட்டது. மேலே எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டுகள் மிதக்கும். பால் சேர்க்காத பாசிப்பருப்புப் பாயசம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாவுத்துண்டு நமத்துப்போவதற்குள் சாப்பிட வேண்டும். 'புபுர் சாச்சா'வில் சர்க்கரைவள்ளியும் சேப்பங்கிழங்கு வகையும் ஜவ்வரிசியும் தேங்காய்ப்பாலில் கிடக்கும். 'செங் தெங்' உலர்ந்த லோங்கான் பழம், பார்லி, செம்பேரீச்சை, வெள்ளைக் காளான் எல்லாம் சேர்ந்த தெளிந்த இனிப்பு நீர். வெயில் நேரத்துக்கு ஏற்றது. 'தாவ் ஹுவே' சோயாப் பாலை உறையவைத்த மெல்லிய தயிர் போன்றது. சூடாக, இஞ்சிப் பாகு ஊற்றிக் கேளுங்கள்.

'புட்டு பிரிங்' நம் புட்டின் உடன்பிறப்பு. அரிசிமாவுக்குள் குலா மெலாக்கா என்னும் பனை வகை வெல்லத்தைப் பொதிந்து சிறு தட்டுகளில் ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவலோடு தருவார்கள். கடித்ததும் உள்ளே உருகிய வெல்லம் வழியும்; வாய் சுட்டுக்கொள்ளாமல் கவனமாகச் சாப்பிடுங்கள். 'புட்டு மாயாம்' என்று விற்பது சர்க்கரையும் தேங்காயும் தூவிய இடியாப்பமேதான்.

பனிக்கட்டி இனிப்புகளில் செண்டோலும் ஐஸ் கச்சாங்கும் முக்கியம். பாண்டான் இலையின் பச்சை நிறத்தில் புழுப்போல் நெளியும் மாவுத்துண்டுகள், தேங்காய்ப்பால், குலா மெலாக்கா, துருவிய ஐஸ்: இதுதான் செண்டோல். நல்ல செண்டோலை அறிய ஒரு வழி இருக்கிறது. கலக்காமல் முதலில் வெல்லப்பாகை மட்டும் கரண்டி நுனியில் தொட்டுப் பாருங்கள். லேசான புகை மணமும் அடியில் ஓர் உப்புக்கரிப்பும் இருந்தால் உண்மையான குலா மெலாக்கா. வெறும் இனிப்பாக இருந்தால் சர்க்கரைப் பாகில் நிறம் சேர்த்தது. ஐஸ் கச்சாங்கில் 'கச்சாங்' என்றால் பயறு. பல நிறப் பாகு ஊற்றிய ஐஸ் மலையின் அடியில் சிவப்புப் பயறும் 'அத்தாப் சீ' என்னும் நிப்பா பனை விதையும் புதைந்திருக்கும். அந்த விதையைக் கடித்தால் நுங்கு நினைவுக்கு வரும், சற்றுக் கெட்டியாக. பழைய தலைமுறையினர் இதே ஐஸை உருண்டையாகப் பிடித்துப் பாகு ஊற்றிக் கையில் வைத்தே உறிஞ்சிச் சாப்பிட்டார்கள். கிண்ணமும் அடிப்பயறும் பிறகு வந்தவை.

உணவங்காடியில் இவை இரண்டரை முதல் நான்கு வெள்ளிக்குள் கிடைக்கும். பூகிஸ் பக்கம் லியாங் சியா ஸ்திரீட்டிலும் சைனாடவுனில் டெம்பிள் ஸ்திரீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடும் சீன இனிப்புக் கடைகள் உண்டு. அங்கே எள் விழுது, நிலக்கடலை விழுது, மாம்பழ ஜவ்வரிசி எல்லாம் கிடைக்கும். விலை சற்றுக் கூடும்.

சைவர்கள் இரண்டு பெயர்களை மறக்கக்கூடாது. ஒன்று 'ஹாஷிமா'. பனிப்பூ போல, ஜெல்லி போலத் தெரியும் அது தவளையின் உடலிலிருந்து எடுப்பது. ஒருமுறை ஓர் இனிப்புக் கடையில் அதைப் பற்றிக் கேட்டபோது "மூலிகை ஜெல்லி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எங்களோடு வந்திருந்த சைவக் குடும்பத்துப் பெண் பாதி கிண்ணம் சாப்பிட்ட பிறகே எனக்கு உண்மை தெரிந்தது. அவர் அழுததை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால்தான் பெயரோடு எழுதுகிறேன். இன்னொன்று 'ஓர் நீ' என்னும் சேப்பங்கிழங்கு விழுது. தியோச்சியூ சீனர் மரபில் அதைப் பன்றிக் கொழுப்பில்தான் கிண்டுவார்கள். இப்போது தாவர எண்ணெயில் செய்யும் கடைகளும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். கறுப்பு நிற 'சின் சாவ்' ஜெல்லி மூலிகைச் செடியிலிருந்து வருவது, தயங்காமல் சாப்பிடலாம்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால்

விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றொன்று பொருள் சேவை வரி. 2024 முதல் அந்த வரி 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி போடுவார்கள். 20 வெள்ளி என்று எழுதியிருந்தால் 22 ஆகி, அதன்மேல் வரியோடு 23.98 ஆகும். உணவங்காடியில் எழுதியிருக்கும் விலையே கடைசி விலை. டிப்ஸ் எங்கும் தேவையில்லை.

சீன உணவகங்களில் உட்கார்ந்ததும் மேசைக்கு வரும் வேர்க்கடலையும் ஈரத் துண்டும் இலவசம் என்று நினைக்காதீர்கள். தொட்டால் ரசீதில் ஏறும். வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

அண்டை நாட்டுச் சமையலைக் குறைந்த விலையில் சுவைக்க, அந்தந்த நாட்டுத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும் கட்டடங்களுக்குப் போங்கள். பெனின்சுலா பிளாசாவில் பர்மியக் கடைகள், லக்கி பிளாசாவில் பிலிப்பினோ கடைகள், பாய லேபார் பக்கம் சிட்டி பிளாசாவில் இந்தோனேசியக் கடைகள். சென்னை பர்மா பஜாரில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டவர்கள், பெனின்சுலா பிளாசாவில் அதன் தாய்வீட்டுச் சுவையைக் கண்டுகொள்வார்கள்.

எழுந்திருக்கும் முன்

தட்டை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடிகளில் இது சட்டம். முதல்முறை எழுத்துபூர்வமான எச்சரிக்கை. மறுமுறை 300 வெள்ளி அபராதம். டிஷ்யூ, உறிஞ்சுகுழல், எலும்பு எல்லாவற்றையும் தட்டிலேயே எடுத்துக்கொண்டு, தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்குக்குப் போங்கள். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். பலகையைப் படித்துவிட்டு வையுங்கள். அவசரத்தில் மாற்றி வைத்தால் அது ஒரு முஸ்லிம் கடைக்காரரின் நாள் முழுவதையும் குலைக்கும்.

அங்கே மேசை துடைத்துக்கொண்டிருப்பவர்களில் பலர் நம் தாத்தா பாட்டி வயதினர். என் பெரியம்மா தன் கிண்ணத்தை அடுக்கில் வைத்ததும் அப்படி ஒரு சீன மூதாட்டி அவரைப் பார்த்துத் தலையசைத்தார், இவரும் தலையசைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடத் தெரியாது. மறுநாள் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

மீதி இனிப்பைக் கட்டி வாங்கிக்கொண்டு வந்தால், ரயிலில் திறக்காதீர்கள். ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு, தண்ணீர் குடிப்பதும் இதில் அடங்கும். துரியான் பழத்தை உள்ளே கொண்டுபோகவே அனுமதி இல்லை. செண்டோலைக் கட்டி வாங்குவதும் வேண்டாம். வீடு சேர்வதற்குள் ஐஸ் கரைந்து பாலும் பாகும் தண்ணீராகிவிடும். தாவ் சுவானை வாங்குங்கள், மாவுத்துண்டைத் தனிப்பையில் கேளுங்கள், வீட்டில் பருப்பைச் சூடாக்கி அப்போது மேலே போட்டுக்கொள்ளுங்கள்.